செஸ் புத்தகம் வாங்குவது தண்டமா?

மே 2 (குடியாத்தம் வாசகர் கேட்டது)

அண்ணா, என் பையன் ஏழாம் வகுப்புக்குப் போகிறான். குகேஷ் உலகப் பட்டம் ஜெயித்ததிலிருந்து வீட்டில் செஸ் தவிர வேறு பேச்சில்லை. பயிற்சி கொடுப்பவர் ஐந்து புத்தகம் எழுதிக் கொடுத்திருக்கிறார், ஐந்தும் ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் ஆரம்ப நகர்த்தல்கள் பற்றியவை. விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. யூட்யூபில் எல்லாம் ஓசியில் கிடைக்கிறது, நல்ல நகர்த்தலைக் கணக்குப் போட்டுச் சொல்லும் எஞ்சின் போனிலேயே இருக்கிறது. செஸ் புத்தகம் தண்டச் செலவு என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மே 2, இரவு

அந்த ஐந்தும் வேண்டாம். அந்த அளவுக்கு உங்கள் கட்சி. ஆனால் புத்தகமே தண்டம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எது நல்ல நகர்த்தல் என்று எஞ்சின் சொல்லிவிடும். அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எங்கே பயம் வரும், எந்த ஆசையில் கை வேறு காய்க்குப் போகும் என்று அதற்குத் தெரியாது. அதை விளையாடினவன்தான் எழுத முடியும், இல்லையென்றால் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவன் எழுத வேண்டும்.

பையனுக்கு ஒரே ஒரு புத்தகம் வாங்குங்கள்: இர்விங் செர்னெவ் எழுதிய ‘லாஜிக்கல் செஸ்’. 1957-ல் வந்தது. 33 ஆட்டங்கள், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் விளக்கம். ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாய் ஏன் இ4 என்ற கட்டத்துக்குப் போகிறது என்று முதல் ஆட்டத்தில் சொல்வார். அடுத்த ஆட்டத்திலும் அதே சிப்பாய் போனால் திரும்பவும் சொல்வார். பெரியவர்களுக்கு அலுக்கும். பன்னிரண்டு வயசுக்கு அதுதான் வேண்டும்.

மே 3

எப்படிப் படிப்பது என்று நேற்றே சொல்லியிருக்க வேண்டும். பலகையில் காய் அடுக்காமல் செஸ் புத்தகம் படிக்கக் கூடாது. கண்ணால் படித்தால் மறுநாள் ஒன்றும் நிற்காது.

ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுத்து, அடுத்த நகர்த்தல் தெரியாதபடி பக்கத்தை மூடச் சொல்லுங்கள். ஜெயித்த பக்கம் பையனுடையது. அவன் தன் நகர்த்தலைச் சொல்லிவிட்டு அட்டையை ஒரு வரி கீழே இறக்க வேண்டும். ஒத்துப்போனால் மேலே போகலாம். ஒத்துப்போகாவிட்டால் ஏன் என்று அவனே யோசிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பேசாதீர்கள். வாரத்துக்கு ஒரு ஆட்டம் போதும். வீடியோவில் அவர் பேசிக்கொண்டே போவார், நாம் தலையாட்டிக்கொண்டே போவோம். நிறுத்தி யோசிக்கிறவர்கள் குறைவு.

மே 5

ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்கிறார்: “பலகை, காய், புத்தகம் மூன்றையும் ஒரே மேசையில் வைத்தால் புத்தகம் மூடிக்கொண்டே இருக்கிறதே?”

இது என் தொழில். வேலூர் லாங்கு பஜார் பக்கம் பைண்டிங் கடை வைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பழைய செஸ் புத்தகங்கள் அச்சுத் தாள்களைப் பாரம் பாரமாக மடித்து, நூலில் தைத்து வந்தன. அவற்றை மேசையில் விரித்தால் அப்படியே கிடக்கும், இரண்டு கையும் காய்க்கு. இப்போது வருகிறவை பெரும்பாலும் முதுகில் சூடான பசை தடவி ஒட்டியவை. அழுத்திப் பிடித்தால்தான் திறக்கும். பிடிக்க ஒரு கை போய்விட்டால் காய் நகர்த்துவது கஷ்டம், நாலு நாளில் பையன் பலகையை விட்டுவிட்டுப் புத்தகத்தை மட்டும் புரட்ட ஆரம்பிப்பான். பாதிப் பேர் புத்தகத்தை மூலையில் போடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

சிலர் என்னிடம் கொண்டுவந்து தைத்துக் கொடு என்பார்கள். ஒட்டின புத்தகத்தைப் பக்கவாட்டில் துளைபோட்டுத் தைத்தால் இன்னும் மோசம், உள்ளோரத்து எழுத்தே தெரியாது. முதுகை வெட்டி ஸ்பைரல் போடுங்கள், அழகு போனாலும் பரவாயில்லை. தடித்த புத்தகம் என்றால் இரண்டாகப் பிரித்து இரண்டு ஸ்பைரல்.

மே 5, இரவு

“புதுப் புத்தகத்தை வெட்டச் சொல்கிறீர்களே, மனசு வருமா?” என்று அதே ராணிப்பேட்டைக்காரர். வெட்டுங்கள் சார். அலமாரியில் அழகாக நிற்கும் செஸ் புத்தகம் யாருக்குப் பிரயோஜனம்?

மே 8

காட்பாடியில் படிக்கும் மாணவர் ஒருவர் அமெரிக்காவின் உலகச் சாம்பியன் பாபி ஃபிஷரின் ‘என் மறக்க முடியாத 60 ஆட்டங்கள்’தான் முதல் புத்தகமாக இருக்க வேண்டும், ‘நூற்றாண்டின் ஆட்டமே’ அதில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்.

இல்லை தம்பி. 1956-ல் நியூயார்க்கில் 13 வயசுப் பையனாக டொனால்ட் பர்னுக்கு எதிராக ராணியையே கொடுத்து ஜெயித்த அந்த ஆட்டத்தை ஃபிஷர் இதில் சேர்க்கவில்லை. 1969-ல் வந்த அந்தப் புத்தகத்தில் ராபர்ட் பர்னுடன் விளையாடியது இருக்கிறது. அவர் டொனால்டின் அண்ணன். ஒருவேளை அதில்தான் குழப்பம் வந்திருக்கும்.

எனக்கு அந்தப் புத்தகத்தில் ரொம்பப் பிடித்தது, 60-ல் மூன்று ஆட்டம் அவர் தோற்றவை. ஒன்பது டிரா. தன் பெருமைக்காகத் தொகுக்கிற புத்தகத்தில் டால், ஸ்பாஸ்கி, கெல்லர் என்ற சோவியத் ஆட்டக்காரர்களிடம் தோற்றதை எடுத்துவைத்து, இந்த இடத்தில் இப்படி விட்டேன் என்று எழுத நெஞ்சுரம் வேண்டும்.

டாலிடம் தோற்ற ஆட்டம் 1959-ல் யூகோஸ்லாவியாவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில். உலகச் சாம்பியனுடன் மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கிற போட்டி அது. ஃபிஷருக்கு 16 வயசு, வெள்ளைக் காய். அதே இடத்தை டால் பிற்பாடு தன் பக்கத்திலிருந்து சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் நகர்த்தலை முதலில் தாளில் எழுதிவிட்டுக் காயைத் தொடலாம். ஃபிஷர் சரியான நகர்த்தலை எழுதி, டால் கண்ணில் படும்படி தாளை வைத்தார். டால் முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழுந்து மேடையில் உலாத்தினார். பையனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எழுதினதை அடித்துவிட்டு வேறு விளையாடினார். ஆட்டம் போயிற்று. அந்தப் போட்டியில் டாலிடம் நாலுக்கு நாலும் தோற்றார்.

எஞ்சினிடம் கேட்டால் இந்த இடத்தில் ஒரு எண்ணைக் காட்டும். அந்தத் தாள் அதில் வராது.

ஆனால் முதல் புத்தகம்? வேண்டாம். சும்மா போகிறபோக்கில் இப்படிப் போனால் அப்படி என்று ஆறேழு நகர்த்தல் ஆழத்துக்குக் கிளைகள் போட்டிருப்பார். போட்டி ஆடி 1,400 ரேட்டிங் (ஆட்டப் பலத்தைக் காட்டும் புள்ளி) வந்த பிறகு எடுங்கள். வாங்கும்போது ஒரு விஷயம்: 1995-ல் வந்த மறுபதிப்பில் பதிப்பாளர்கள் கைவைத்துவிட்டார்கள் என்று ஃபிஷரே கொதித்தார். 2008 பதிப்பு மூலத்தை ஒட்டியது, அதைத் தேடுங்கள்.

மே 9

டால் என்றதும் நாலு பேர் நீர்யானைக் கதையைக் கேட்டுவிட்டார்கள். ‘மிகாயில் டாலின் வாழ்க்கையும் ஆட்டங்களும்’ புத்தகத்தில் வருவதுதான். வாசியுகோவுடன் ஆட்டம், ஒரு குதிரையைப் பலி கொடுக்கலாமா என்று கணக்குப் போட்டுப் போட்டுத் தலை சூடேறியிருக்கிறது. திடீரென்று சேற்றில் மாட்டின நீர்யானையை எப்படி இழுப்பது என்ற குழந்தைப் பாட்டு வரி மனசில் வந்துவிட்டது. ஜாக்கி வைக்கலாமா, ஹெலிகாப்டர் கொண்டுவரலாமா என்று அதையே யோசித்திருக்கிறார். கடைசியில் மூழ்கட்டும் என்று விட்டுவிட்டுக் குதிரையைக் கொடுத்தார். நாற்பது நிமிடம் துல்லியமாகக் கணக்கிட்டுச் செய்த பலி என்று மறுநாள் பத்திரிகை எழுதியது!

பையன் பரீட்சைக்கு நடுவில் வேறெங்கோ யோசிக்கிறான் என்று திட்டுகிற அப்பாக்கள் இந்தப் புத்தகத்தை முதலில் படியுங்கள்.

மே 12

சத்துவாச்சாரியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார். பழைய புத்தகங்கள் தப்பும் தவறுமாக இருக்கின்றன, எஞ்சினில் போட்டால் செர்னெவின் பாதி விளக்கம் நிற்காது, பிள்ளைகளைக் கெடுக்காதீர்கள் என்கிறார்.

அவர் சொல்வதில் நியாயம் உண்டு. செர்னெவ் ஓரத்தில் எச் வரிசையில் இருக்கும் சிப்பாயைத் தொட்டாலே கண்டிப்பார், ராஜாவின் மறைப்பைக் குலைக்கிறாய் என்று. இன்றைய கிராண்ட்மாஸ்டர்கள் அதைச் சர்வசாதாரணமாகத் தள்ளுகிறார்கள். ஜெயித்தவன் செய்ததெல்லாம் சரி, தோற்றவன் செய்ததெல்லாம் தப்பு என்ற தொனியும் அவரிடம் உண்டு.

இருந்தாலும் நான் அந்தப் புத்தகத்தைத்தான் கொடுப்பேன். பையனுக்கு முதலில் ஒரு விதி வேண்டும், அதை மீறுகிற தைரியம் அப்புறம் தானே வரும். விதியே தெரியாதவனிடம் எஞ்சினைக் கொடுத்தால் இங்கே அரை சிப்பாய் நஷ்டம் என்று அது சொல்வதை நம்பிவிட்டு, ஏன் நஷ்டம் என்று கேட்காமலே போய்விடுவான். வாராவாரம் போட்டி நடக்கும் மண்டபங்களில் பார்க்கிறேன். ஆட்டம் முடிந்து வெளியே வந்ததும் எதிராளியுடன் உட்கார்ந்து பேசுகிற பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். நேரே அம்மா கையிலிருக்கும் போனுக்குப் போய் எஞ்சின் எங்கே தப்பென்று சிவப்பு காட்டுகிறது என்று பார்க்கிறார்கள்.

எனக்கு நிஜமாகவே ஒத்துவராத பழைய புத்தகம் சோவியத் ஆட்டக்காரர் கோட்டோவின் ‘கிராண்ட்மாஸ்டர் போல யோசி’. முதலில் எல்லா நகர்த்தல்களையும் பட்டியல் போடு, ஒவ்வொரு கிளையிலும் ஒரே ஒரு தடவை ஏறு, திரும்பப் போகாதே என்பார். அப்படி யோசிக்கிற மனுஷனை நான் பார்த்ததில்லை. ஒரு கிளையில் ஏதோ ஒன்று கண்ணில் படும், அதை எடுத்துக்கொண்டு முதல் கிளைக்கே ஓடுவோம். டாலின் நீர்யானை இதற்கு நல்ல பதில்.

மே 12, சற்றுப் பின்

கோட்டோவைக் குறை சொல்லிவிட்டு அவர் ஆடின ஆட்டத்தைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். நாளைக்கு எழுதுகிறேன். இப்போது கரெண்ட் இல்லை, இந்த வெயிலில் கடைக்குள் உட்கார முடியவில்லை.

மே 13

1953-ல் சுவிட்சர்லாந்தின் ஜூரிக்கில் நடந்த கேண்டிடேட்ஸ். 15 பேர், 30 சுற்று, 210 ஆட்டம். ஸ்மிஸ்லோவ் ஜெயித்தார். அந்த 210 ஆட்டங்களுக்கும் உரை எழுதியவர் அதில் விளையாடிய டேவிட் பிரான்ஸ்டீன். செஸ் புத்தகங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் வைத்துக்கொள்வது இதைத்தான்.

என் கைக்கு இது வந்ததே பைண்டிங்குக்காக. ஜோலார்பேட்டையில் ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மஞ்சள் பையில் கொண்டுவந்தார். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு, அட்டையில் டீ கிளாஸ் வட்டம். ராமபாணம் துளைத்து நடுப் பக்கங்களில் ஒரே இடத்தில் ஓட்டை. திருப்பத் திருப்ப ஒரு படத்தில் பிஷப் காணோம், அடுத்ததில் பாதி யானை. பெரியவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, அதற்கு முந்தைய நகர்த்தல்களை வைத்து ஒவ்வொரு காயாகக் கண்டுபிடித்துப் பென்சிலால் ஒட்டுத்தாளில் வரைந்தார். நானும் சேர்ந்துகொண்டேன். மைதா பசையில் மயில்துத்தம் கலந்துதான் ஒட்டினேன், இனிப் பூச்சி வராது. பசை காயட்டும் என்று சொல்லிக் கொஞ்ச நாள் வைத்திருந்து படித்துவிட்டேன். அவருக்கும் அது தெரியும்.

அதில் அவர்பாக், கோட்டோவ் ஆட்டம். கோட்டோவ் கறுப்பு. முப்பதாவது நகர்த்தலில் ராணியை எச்3-ல் இருக்கும் சிப்பாய்க்காகக் கொடுக்கிறார். உடனே மேட் கிடையாது. வெள்ளை ராஜா வெளியே இழுக்கப்பட்டு எஃப்5 வரைக்கும் வந்து, கறுப்புக் காய்களுக்கு நடுவே நிற்கிறது. இருபது நகர்த்தல் நின்று கடைசியில் 51-ல் சரணடைகிறது. இதை முழுக்கக் கணக்குப் போட்டு ஆடியிருக்க முடியாது. ராஜா திரும்ப வீட்டுக்குப் போக வழியில்லை என்ற நம்பிக்கையில் ஆடினது. கிளைகளைப் பட்டியல் போடச் சொன்னவரே இப்படி ஆடியிருக்கிறார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

தோற்ற அவர்பாக், காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்டமான எண்ட்கேமில் பெரிய ஆசானாகி, 100 வயது கண்டு 2022-ல் காலமானார்.

மே 16

சிரசுத் திருவிழாக் கூட்டத்தில் குடியாத்தத்தில் யாரும் எதையும் படித்திருக்க மாட்டீர்கள். கேள்வி கேட்டவர் இன்று எழுதியிருக்கிறார், பையன் எண்ட்கேமைத் தொட மறுக்கிறானாம். ராணி போனதும் ஆட்டம் முடிந்தது என்கிறானாம்.

அவனுடைய குகேஷையே காட்டுங்கள். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகப் பட்டப் போட்டியின் 14-வது ஆட்டம். அதுவரை ஆறரைக்கு ஆறரை. குகேஷ் கறுப்பு. ராணிகள் எப்போதோ போய்விட்டன. ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப், குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். டிரா ஆகிவிடும் என்றே எல்லோரும் இருந்தார்கள். 55-வது நகர்த்தலில் எதிரே ஆடிய டிங் லிரன் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். குகேஷ் யானையை வெட்டினார், ராஜா திருப்பி வெட்டியது. அடுத்து பிஷப்பை டி5-ல் வைத்து ஏ8 மூலையில் இருந்த வெள்ளை பிஷப்பை எதிர்கொண்டார். அதற்கு ஒதுங்க இடமில்லை. அதுவும் வெட்டுப்பட்டால் மிச்சம் ராஜாவும் சிப்பாயும்தான்.

58-ல் கறுப்பு ராஜா இ5-க்கு வந்து வெள்ளை ராஜாவுக்கு நேரெதிராக நின்றது. டிங் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தார். அந்த நேரெதிர் நிலைக்குப் பெயர் ஆப்போசிஷன். எந்த எண்ட்கேம் புத்தகத்தை எடுத்தாலும் ஆரம்பப் பக்கங்களிலேயே இருக்கும். உலகப் பட்டம் அந்தப் பக்கத்தில் முடிந்தது என்று பையனிடம் சொல்லுங்கள்.

அப்படியும் அசையாவிட்டால் இதைப் பலகையில் வையுங்கள். வெள்ளை ராஜா எச்8, வெள்ளைச் சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, கறுப்புச் சிப்பாய் எச்5. வெள்ளையின் முறை, டிரா செய்ய வேண்டும். 1921-ல் ரேட்டி என்பவர் அமைத்த புதிர். கறுப்புச் சிப்பாயைத் துரத்திப் பிடிக்க ராஜாவுக்கு இரண்டு நகர்த்தல் பற்றாது, தன் சிப்பாய்க்குத் துணையாகவும் போய்ச் சேர முடியாது. ஆனாலும் டிரா. மேலே எழுதாமல் நிறுத்துகிறேன். என் கடைக் கவுண்டரில் இந்த நாலு காயும் வைத்த பலகை எப்போதும் இருக்கும், பைண்டிங்குக்கு வருகிற பிள்ளைகள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

மே 18

“அப்படியானால் ஃபிஷர் தோல்வியைச் சேர்த்த மாதிரி நம் பிள்ளைகளின் தோல்வியையும் சொல்லலாமே” என்று காட்பாடித் தம்பி. சொல்லத்தான் வேண்டும். 2022 ஆகஸ்டு, மாமல்லபுரம் ஒலிம்பியாட். குகேஷ் வரிசையாக எட்டு ஆட்டம் ஜெயித்திருந்தார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைத் தோற்றார். உஸ்பெகிஸ்தான் தங்கம் வாங்கியது, நம் இரண்டாவது அணிக்கு வெண்கலம். அங்கிருந்து சிங்கப்பூருக்கு இரண்டு வருஷம் நாலு மாசம். உங்கள் பையன் மாவட்டப் போட்டியில் தோற்று வந்தால், அன்று சாயங்காலமே ஏன் யானையை விட்டாய் என்று ஆரம்பிக்காதீர்கள். சோறு போடுங்கள். மறுநாள் பலகையை எடுங்கள்.

மே 21

உலகிலேயே சிறந்த ஆட்டம் எது என்று சண்டை வந்திருக்கிறது. 1999-ல் வைக் ஆன் ஸீயில் காஸ்பரோவ் டோபலோவின் ராஜாவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு விரட்டியது என்று மூன்று பேர். யானைப் பலியை டோபலோவ் வாங்காமல் விட்டிருக்கலாம் என்று பதிலுக்கு ஒருவர். அது உண்மைதான், ஆனால் அதனால் ஆட்டம் சின்னதாகிவிடாது.

என் ஓட்டு வேறு. 1924, நியூயார்க், காபாப்ளாங்கா வெள்ளை, டார்டகோவர் கறுப்பு. யானை எண்ட்கேம். காபாப்ளாங்கா 35-வது நகர்த்தலில் ராஜாவை ஜி3-க்கு எடுக்கிறார். சிப்பாயைச் செக்கோடு வெட்டிக்கொள் என்று விட்டுவிடுகிறார். இரண்டு நகர்த்தல் கழித்து இன்னொன்று, அதுவும் செக்கோடு. ராஜா நடந்து எஃப்6-க்குப் போய் நிற்கிறது. வழியில் எஃப்5-ல் இருக்கும் கறுப்புச் சிப்பாயை வெட்டலாம், வெட்டவில்லை. அந்தச் சிப்பாய் இருப்பதால்தான் பின்னாலிருந்து யானை செக் கொடுக்க முடியாது. எதிரி காயையே குடையாகப் பிடித்துக்கொள்கிறார். அப்புறம் சிப்பாய்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப வருகின்றன.

இதைப் பார்த்தபிறகு என் ஆட்டமே மாறியது. எண்ட்கேமில் ராஜாவை உள்ளே ஒளித்துவைக்கிற பழக்கம் போயிற்று.

மே 22

ஆனந்தைச் சொல்லவே இல்லையே என்று கோபித்துக்கொள்கிறார்கள். 1907-ல் லோட்ஸ் நகரில் ரூபின்ஸ்டீன் கறுப்புக் காயில் ரோட்லெவியை 25 நகர்த்தலில் முடித்தார். 2013-ல் வைக் ஆன் ஸீயில் ஆனந்த், அதுவும் கறுப்பு, ஆரோனியனை 23-ல். இரண்டு பிஷப்பும் வெள்ளை ராஜாவைப் பார்த்தபடி திறந்த மூலைவிட்டத்தில் நிற்க, காய்களை வெட்டுக்கு விட்டுக்கொண்டே போவது இரண்டிலும் ஒன்றுதான். இரண்டையும் அடுத்தடுத்து ஒரே பலகையில் போடுங்கள், முதலில் ரூபின்ஸ்டீன். பழைய ஆட்டம் படிப்பது எதற்கு என்று சத்துவாச்சாரி நண்பர் கேட்டதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

மே 27

வாணியம்பாடியிலிருந்து ஒரு அம்மா: “என் மகள் தமிழ் மீடியம். இந்த ஆங்கிலப் புத்தகமெல்லாம் அவளுக்கு எப்படி?”

முக்கியமான கேள்விம்மா. பெல்கிரேடிலிருந்து 1966 முதல் வரும் ‘செஸ் இன்ஃபார்மன்ட்’ தொகுதிகளைத் தேடுங்கள். பழைய தொகுதிகளில் ஆட்டக் குறிப்புக்கு எந்த மொழியும் கிடையாது. நகர்த்தல், ஆச்சரியக்குறி, கேள்விக்குறி, வெள்ளை மேல், கறுப்பு மேல் என்பதற்கு அடையாளங்கள், அவ்வளவுதான். பழைய தொகுதிகள் சென்னையில் பழைய புத்தகக் கடைகளில் சல்லிசாகக் கிடைப்பதுண்டு. போட்டி ஆடுகிற பிள்ளைக்கு அது போதும்.

புதுசாகக் கற்கிற பிள்ளை என்றால் செர்னெவையே எடுங்கள். ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் பத்தாவது ஆட்டத்துக்குள் ஆங்கிலமும் பிடிபட்டுவிடும். என் அக்கா மகள் அப்படித்தான் படித்தாள், பென்சிலால் மேலே தமிழில் எழுதி எழுதி. பழைய பதிப்பு வாங்கும்போது மட்டும் உள்ளே புரட்டிப் பாருங்கள். பி-கே4 என்று பழைய முறையில் நகர்த்தல் எழுதியிருந்தால் வேண்டாம், குழந்தை திணறிப்போகும். புது முறையில் அதே புத்தகம் வந்திருக்கிறது.

ஜூன் 1

பள்ளி திறக்கப் போகிறது. குடியாத்தம்காரர் எழுதியிருக்கிறார்: செர்னெவ் வாங்கி, முதுகை வெட்டி ஸ்பைரலும் போட்டாகிவிட்டது. பையன் ஆறாவது ஆட்டத்தில் இருக்கிறான். புத்தகத்தில் தோற்றவன் வேறு மாதிரி ஆடியிருந்தால் தப்பித்திருப்பான் என்று சண்டை போடுகிறானாம், எஞ்சினும் அவன் பக்கமாம். அடுத்து என்ன வாங்கலாம் என்கிறார்.

சண்டை போடட்டும். அவன் சொன்ன நகர்த்தலை அந்தப் பக்கத்து ஓரத்திலேயே பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். 33 முடிகிற வரைக்கும் எதுவும் வாங்க வேண்டாம். முடிந்ததும் பிரான்ஸ்டீன்.

அதில் அவர்பாக், கோட்டோவ் ஆட்டத்துக்கு வரும்போது முப்பதாவது நகர்த்தலில் அட்டையால் மூடுங்கள். உடனே திறக்க விடாதீர்கள். பலகை அப்படியே ஞாயிறு வரைக்கும் கூடத்தில் இருக்கட்டும்.